செல்லுக்கும் ஒரு சர்வீஸ் புக் வேண்டும்

பழைய லேப்டாப்களிலிருந்து உருவி எடுத்த லித்தியம் செல்களை அடுக்கி ஒரு காரை ஓட்ட முடியுமா என்று கேட்டால், முடியும் என்பதுதான் பதில். குறைந்த செலவில் முடியுமா என்பது வேறு கேள்வி. அந்தக் காரை வீட்டு வாசலில் நிறுத்தி சார்ஜ் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியுமா என்பது அதைவிடப் பெரிய கேள்வி. யூடியூப் பார்த்துவிட்டுப் பேசுகிறவர்கள் முதல் கேள்விக்குக் கிடைத்த பதிலையே மற்ற இரண்டுக்கும் சேர்த்து எடுத்துக்கொள்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் எஞ்சினீயர் அல்ல. புதுவை அரசில் எழுத்தராகச் சேர்ந்து, எஸ்டாப்ளிஷ்மென்ட் பிரிவில் பிறருடைய சர்வீஸ் புக்குகளைப் பார்த்துப் பார்த்தே ஓய்வு பெற்றவன். ஆனால் மூன்று மாதமாக ஒரு நண்பருக்காக இந்த விஷயத்தைத் தோண்டித் துருவிப் படித்து, கணக்குப் போட்டு, பட்டறையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

நண்பரும் நானும் சின்ன வயதில் ஒரே பிரெஞ்சு வகுப்பு. இன்றைக்கும் ஒருவரை ஒருவர் "முசியே" என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். அவரிடம் ஒரு பழைய ரேவா கார் இருக்கிறது. 2001இல் பெங்களூரில் விற்பனைக்கு வந்ததே, குட்டியாக ஒரு மின்சார கார், லண்டனில்கூட ஜி-விஸ் என்ற பெயரில் ஓடியதே, அதேதான். பெங்களூரில் செகண்ட் ஹேண்டாக வாங்கி வந்தார். முன் சீட்டுக்கு அடியில் ஆறு வோல்ட் ஈய பேட்டரிகள் எட்டு. மொத்தம் 48 வோல்ட். இரண்டு முறை செட் மாற்றினார். மூன்றாவது செட்டும் போன தீபாவளியோடு படுத்துவிட்டது. கார் இப்போது தார்ப்பாய்க்குள் இருக்கிறது.

அவர் மனைவிக்கு வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். ஆட்டோவில் போனால் திரும்பி வரும்போது அந்த அம்மாவுக்குத் தலை சுற்றுகிறது. வெளியே காத்திருக்கும் ஆட்டோவுக்கு வெயிட்டிங் சார்ஜ் வேறு. மகன் லியோனில் இருக்கிறான், "டாக்சி வெச்சுக்குங்கப்பா" என்கிறான். சொல்வது சுலபம். ஓய்வூதியத்தில் புதிய மின்சார கார் வாங்கும் வயதும் வசதியும் எங்களில் யாருக்கும் இல்லை. இந்த நேரத்தில்தான் வில்லியனூர் பக்கம் பட்டறை வைத்திருக்கும் ஒரு இளைஞர், "பழைய லேப்டாப் செல் போட்டு 65 ஆயிரத்துல முடிச்சுக் குடுத்துடறேன் ஐயா, லித்தியம் பேட்டரி புதுசா போனா ஒண்ணே கால் லட்சம் ஆவும்" என்றார். நண்பர் என்னிடம் வந்து, "முசியே, நீதான் எதையும் நாலு தடவை படிப்பியே, இதைப் பாத்துச் சொல்லு" என்றார்.

முதலில், இது பைத்தியக்கார யோசனை இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். லேப்டாப் பேட்டரியின் பிளாஸ்டிக் ஓட்டைப் பிரித்தால் உள்ளே ஆறோ எட்டோ உருளைகள் இருக்கும். நம் டார்ச் லைட் கட்டையைவிடக் கொஞ்சம் ஒல்லி, கொஞ்சம் நீளம். 18650 என்று பெயர். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம் என்பதுதான் அந்த எண்ணின் பொருள், கடைசிச் சைபர் உருளை வடிவத்தைக் குறிப்பது. 2008இல் அமெரிக்காவில் வந்த டெஸ்லாவின் முதல் காரான ரோட்ஸ்டரில் இந்த அளவுச் செல்கள் 6,831 இருந்தன. ஆகவே சின்னக் கட்டைகளை அடுக்கிக் கார் ஓட்டுவது நம்மூர்ப் பட்டறைக் கண்டுபிடிப்பு அல்ல. பட்டறை செய்வது ஒன்றுதான்: புதிய கட்டைக்குப் பதில் பழைய கட்டை.

பழையதில் உயிர் இருக்குமா? இருக்கும். உங்கள் வீட்டு டார்ச் லைட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று கட்டையில் ஒன்று தீர்ந்தாலும் வெளிச்சம் மங்கும். நாம் மூன்றையும் தூக்கிப் போடுவோம், மற்ற இரண்டில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். லேப்டாப்பிலும் அதே கதை. ஒரு ஜோடி செல் தளர்ந்துவிட்டால் உள்ளே இருக்கும் சின்ன சர்க்கியூட் மொத்த பேட்டரியையும் பூட்டிவிடுகிறது. அந்தப் பேட்டரி கிலோ கணக்கில் பழைய கடைக்குப் போகிறது. பிரித்துப் பார்த்தால் நாலு செல் நன்றாக இருக்கிறது. இதை அப்படியே நொறுக்கி உருக்க அனுப்புவது அநியாயம் என்று அந்தப் பட்டறை இளைஞர் சொல்கிறார். நானும் அதை ஒப்புக்கொள்கிறேன். எதையும் தூக்கிப் போடாத தலைமுறை நாம். பழைய வேட்டி கரித்துணியாகி, பிறகு விளக்குத் திரியாகிய வீடுகளில் வளர்ந்தவர்கள்.

இங்கே ஒரு சின்ன இடைச்செருகல். எங்கள் பிரெஞ்சு வகுப்பில் மின்கலத்துக்கு 'பில்' என்று சொல்லிக்கொடுத்தார்கள். கடைக்காரர் தரும் பில் இல்லை. அடுக்கு என்று பொருள். வோல்ட்டா என்ற இத்தாலியர் உலோகத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் செய்ததால் வந்த பெயர். பேட்டரி என்பதோ பீரங்கி வரிசையைக் குறித்த பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. திரும்பத் திரும்ப சார்ஜ் செய்யக்கூடிய ஈய பேட்டரியை 1859இல் செய்தவர் கஸ்தோன் பிளாந்தே என்ற பிரெஞ்சுக்காரர். 1899இல் பாரிசுக்குப் பக்கத்தில் அஷேர் என்ற ஊரில், மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை முதன்முதலாகத் தாண்டிய கார் மின்சார கார்தான். ஓட்டியவர் பெல்ஜியத்துக்காரரான ஷெனாட்சி. காரின் பெயர் 'ல ஜமே கோன்தாந்த்', ஒருபோதும் திருப்தி அடையாதவள் என்று அர்த்தம். என் நண்பருடைய ரேவாவுக்கும் பல காலமாக அந்தப் பெயரைத்தான் வைத்திருக்கிறோம், வேறு காரணத்துக்காக.

இனி கணக்கு. ஒரு பழைய நல்ல செல்லில் 2 ஏ.எச். தேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். புதிதில் 2.2 அல்லது 2.6 இருந்திருக்கும். சராசரி 3.6 வோல்ட். பெருக்கினால் 7.2 வாட் மணி. 48 வோல்ட் காருக்கு 14 வரிசை வேண்டும், வரிசைக்கு 50 செல் என்றார் இளைஞர். ஆக 700 செல். நம் கரண்ட் பில் கணக்கில் சொன்னால் 5 யூனிட். எடை, ஒரு செல் 45 கிராம் என்றால், 32 கிலோவுக்குள். காரில் இருந்த ஈய பேட்டரிகள் கால் டன்னுக்கு மேல்! ரேவாவுக்குக் கம்பெனி சொன்ன தூரம் 80 கிலோமீட்டர், அதற்கு ஏறக்குறைய 9.6 யூனிட் ஈய பேட்டரி. அந்த விகிதத்தில், செல்களை முழுக்க உறிஞ்சாமல் 4 யூனிட் மட்டும் எடுத்தால் 33 கிலோமீட்டர் போகலாம். எடை குறைவதால் இன்னும் கொஞ்சம் கூடலாம். நண்பர் வீட்டிலிருந்து கோரிமேடு ஆஸ்பத்திரிக்குப் போக வர 12 கிலோமீட்டர். தாராளம்.

இதுவரை எல்லாம் இனிப்பாக இருந்தது. நண்பர் அன்றைக்கே முன்பணம் கொடுக்கத் தயாராகிவிட்டார். நான்தான் தூரக் கணக்கு போதாது, இழுப்புக் கணக்கும் போடலாம் என்றேன்.

பேட்டரியில் எவ்வளவு இருக்கிறது என்பது ஒன்று, எவ்வளவு வேகமாக எடுக்கலாம் என்பது இன்னொன்று. கிணறு நிறையத் தண்ணீர் இருந்தாலும் ஊற்று தாங்கும் அளவுக்குத்தானே இறைக்க முடியும். ரேவா மோட்டார் ஏற்றத்தில், நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது, 13 கிலோவாட் வரை கேட்கும். 48 வோல்ட்டில் அது 270 ஆம்பியர். வரிசைக்கு 50 செல் என்றால் தலைக்கு 5 ஆம்பியருக்கு மேல். லேப்டாப் செல் புதிதாக இருக்கும்போதே 4 ஆம்பியர் வாக்கில்தான் அதன் எல்லை. லேப்டாப்புக்குள் இருந்தவரை அது ஒரு ஆம்பியர் கொடுத்துக்கொண்டு சொகுசாக இருந்திருக்கும். அதை முதுமையில் எடுத்து வந்து கோரிமேட்டு ஏற்றத்தில் வண்டி இழுக்கச் சொன்னால் சூடாகும். சூடானால் இன்னும் சீக்கிரம் கெடும்.

இதை இளைஞரிடம் கேட்டேன். அவர் மழுப்பவில்லை. "கண்ட்ரோலர்ல கரண்ட்டை இறக்கி வெச்சுக்கலாம் சார், ஏத்தத்துல மெதுவா போவும். இல்லன்னா வரிசைக்கு 90 செல் போடணும்" என்றார். 14 வரிசை, 90 செல், 1,260. அப்போது தலைக்கு 3 ஆம்பியர், சரிதான். ஆனால் செல் விலை, நிக்கல் பட்டை, வெல்டிங் கூலி எல்லாம் ஏறக்குறைய இரட்டிப்பு. 65 ஆயிரம் என்று தொடங்கியது ஒரு லட்சத்தை எட்டிப் பார்த்தது. புதிய பேட்டரிக்கும் இதற்கும் இடையே நின்ற மலை ஒரு மண்மேடாகிவிட்டது.

இன்னொரு செலவு யாருடைய எஸ்டிமேட்டிலும் வருவதில்லை. அது நேரம். பழைய செல்லை அப்படியே எடுத்து அடுக்க முடியாது. ஒவ்வொன்றையும் பரீட்சை செய்ய வேண்டும். முதலில் மல்டி மீட்டரில் வோல்ட் பார்க்க வேண்டும். 2 வோல்ட்டுக்குக் கீழே விழுந்து கிடந்த செல்லை எடுக்கவே கூடாது. அப்படி வறண்டு கிடந்த செல்லுக்குள் செம்புத் தகடு கரைந்து, மறுபடி சார்ஜ் ஏற்றும்போது உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆக வழி பிறக்கிறது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, புதுப் பொண்ணு மாதிரி மினுமினுவென்று இருக்கும். தேறிய செல்லை 4.2 வோல்ட் வரை ஏற்றி, இறக்கி, எவ்வளவு கொடுத்தது என்று அளந்து, மறுபடி ஏற்ற வேண்டும். உள் தடையைப் பார்க்க வேண்டும். பிறகு இரண்டு மூன்று வாரம் சும்மா வைத்து, தானாகக் கசிந்து வோல்ட் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். 4.1க்குக் கீழே போனால் அதையும் ஒதுக்குவதாக அந்த இளைஞர் சொன்னார்.

ஏற்றி இறக்கி ஏற்ற, ஒரு ஈடுக்கு 12 மணி நேரம். நாலு செல் போடும் சார்ஜர் நாலு வைத்திருக்கிறார். ஒரு நேரத்துக்கு 16, ஒரு நாளைக்கு 32. 1,260 நல்ல செல் தேற வேண்டும், மூன்றில் ஒன்று கழிந்துபோகும் என்றால், 1,890 செல்லைச் சோதிக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள், 59 நாள். ஞாயிற்றுக்கிழமை, பண்டிகை, கரண்ட் கட் எதுவும் இல்லாமல். அதற்குமேல் ஓய்வு வைக்கும் மூன்று வாரம். இந்த உழைப்புக்கு நியாயமான கூலி போட்டால் பழைய செல் பேட்டரி மலிவே இல்லை. அது மலிவாகக் கிடைக்கிறது என்றால் ஒன்று செய்கிறவர் தன் உழைப்புக்குக் காசு வாங்கவில்லை, இல்லையென்றால் சோதிக்கவில்லை. தானே தன் வீட்டுக்குச் செய்துகொள்ளும் பொழுதுபோக்குக்காரருக்கு முதலாவது பொருந்தும். அவருக்கு நேரம் செலவே அல்ல, அதுதான் சுகம். கூலிக்குச் செய்துதரும் கடைகளில் எத்தனை பேர் 59 நாள் காத்திருப்பார்கள்?

இந்த இளைஞர் காத்திருப்பவர். அதை அவருடைய நோட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். பள்ளிக்கூட நோட்டு, கோடு போட்டது. செல் எண், எடுத்த தேதி, முதல் வோல்ட், ஏ.எச்., உள் தடை, மூன்று வாரம் கழித்து வோல்ட். ஒவ்வொரு செல்லின் மேலும் அதே எண் மார்க்கரில். அடித்துத் திருத்திய இடங்களில் சின்னக் கையெழுத்து! என் பிரிவில் புதிதாக வந்த பிள்ளைகளுக்கு அதைக் கற்றுக்கொடுக்க எனக்கு ஆறு மாதம் ஆகும். இவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஆனாலும் அந்த நோட்டில் ஒரு காலம் குறைகிறது. அதை அவரால் நிரப்பவே முடியாது.

அரசு வேலையில் சேரும்போது மெடிக்கல் சர்டிஃபிகேட் வாங்குவோம் அல்லவா? இன்றைக்கு இந்த ஆள் ஆரோக்கியமாக இருக்கிறார் என்று டாக்டர் எழுதித் தருவது. சர்வீஸ் புக் வேறு. எங்கே வேலை பார்த்தார், எப்போது மாற்றல், எப்போது நீண்ட விடுப்பு, என்ன தண்டனை, எல்லாம் அதில் வரும். வருடா வருடம் வெரிஃபிகேஷன் கையெழுத்து வேண்டும். ஒரு வருடக் கையெழுத்து விட்டுப்போனதால் பென்ஷன் ஃபைல் மாதக்கணக்கில் நகராமல் நின்றதை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். ஆள் எதிரே நிற்பார், நல்ல மனிதர், ஒழுங்காக வேலை பார்த்தவர்தான். புத்தகம் பேசாது. பட்டறையில் நடக்கும் சோதனை மெடிக்கல் சர்டிஃபிகேட் மாதிரி. இன்றைக்கு இந்தச் செல் 2 ஏ.எச். கொடுக்கிறது என்று சொல்லும். எத்தனை வருடம் சூட்டில் வெந்தது, எத்தனை தடவை ஏறி இறங்கியது, ஏதாவது குடோனில் இரண்டு வருடம் வறண்டு கிடந்துவிட்டு யாரோ மெல்ல ஏற்றி விற்றதா, கீழே விழுந்து அடிபட்டதா, இதெல்லாம் தெரியாது. ஒரே மாதிரி 2 ஏ.எச். காட்டும் இரண்டு செல்லில் ஒன்று இன்னும் ஐந்து வருடம் வரும், மற்றொன்று அடுத்த கத்திரி வெயிலில் சரியும். வேறு வேறு லேப்டாப், வேறு வேறு கம்பெனி, வேறு வேறு வயது, ஆயிரத்து இருநூறு பேர்.

பி.எம்.எஸ். இருக்கிறதே என்பார்கள். பேட்டரியைக் கண்காணிக்கும் அட்டை அது. நல்ல சாமான், இல்லாமல் செய்யவே கூடாது. ஆனால் அது பார்ப்பது வரிசையை, செல்லை அல்ல. 14 வரிசைக்கும் வோல்ட் பார்க்கும். ஒரு வரிசைக்குள் தொண்ணூறும் கைகோத்து ஒரே வோல்ட் காட்டும்போது, அதில் ஒன்று உள்ளுக்குள் கசிந்து சூடாவதை அதனால் தனியாகச் சொல்ல முடியாது. ஒன்று ஷார்ட் ஆனால் பக்கத்தில் இருக்கும் 89 பேரும் தங்கள் கரண்ட்டை அதற்குள் கொட்டுவார்கள். அதனால்தான் ஒவ்வொரு செல்லுக்கும் மெல்லிய ஃபியூஸ் கம்பி வைத்து இணைப்பது நல்ல வழக்கம். அந்தக் கம்பி இல்லாத பேட்டரியை எந்த விலைக்குக் கொடுத்தாலும் நான் வாங்க மாட்டேன்.

இப்படி நான் பயப்படக் காரணம் இருக்கிறது. ஈய பேட்டரி கெட்டால் வண்டி நிற்கும், அமிலம் கசியும், அவ்வளவுதான் என்று நாம் பழகிவிட்டோம். லித்தியம் செல் ஒன்று எல்லை மீறிச் சூடானால் அது தன்னைத்தானே மேலும் சூடாக்கிக்கொள்ளும், பக்கத்துச் செல்லுக்கும் தொற்றும். நச்சுப் புகை வரும். 2022 மார்ச்சில் வேலூரில், இரவு சார்ஜில் போட்டிருந்த மின்சார இரு சக்கர வண்டி தீப்பற்றி, வீட்டுக்குள் புகை சூழ்ந்து தகப்பனும் மகளும் இறந்ததைப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். அது கடையில் வாங்கிய வண்டி. அந்த வருடம் பல இடங்களில் இப்படி நடந்த பிறகுதான் மத்திய அரசு பேட்டரித் தரக் கட்டுப்பாடுகளை இறுக்கி, அந்த டிசம்பரிலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அந்தக் கட்டுப்பாடு வண்டி தயாரிக்கும் கம்பெனிக்கு. வில்லியனூர் பட்டறைக்கு யார் வந்து சோதிக்கப்போகிறார்கள்?

நண்பருடைய வீடு உங்களுக்குத் தெரியாது. நம்மூர்ப் பழைய வீடு, குறுகலான முன்பக்கம், திண்ணை, ஒரே வாசல். கார் நிற்பது அந்த வாசலை ஒட்டி. உள்ளே மாடிக்கு மர ஏணிப்படி. அந்த அம்மாவால் பிடித்துக்கொள்ளாமல் பத்தடி நடக்க முடியாது. இரவு இரண்டு மணிக்குப் புகை வந்தால் வெளியே வர வேறு வழி இல்லை. இதைத்தான் அவரிடம் சொன்னேன். "நீ எப்பவும் இப்படித்தான், எதுக்கும் அப்ஜெக்‌ஷன் போடறவன்" என்று கோபித்துக்கொண்டு நாலு நாள் பேசவில்லை. போடத்தான் செய்வேன். அவருக்கு அந்த அம்மாவை ஆட்டோவில் ஏற்றும் கஷ்டம் தெரிகிறது, எனக்கு அந்த வாசல் தெரிகிறது.

அப்படியானால் பழைய செல்லே வேண்டாம் என்கிறேனா? இல்லை. எந்தப் பழைய செல், எந்த வேலைக்கு என்று பிரித்துப் பார்க்கச் சொல்கிறேன். உதிரியாகச் சேர்த்த லேப்டாப் செல்லை, இழுப்பு குறைவான வேலைக்கு, வீட்டை விட்டுத் தள்ளி இருக்கும் இடத்தில் வைக்கலாம். தோப்பில் ஒரு சோலார் விளக்கு, மோட்டார் கொட்டகையில் ஒரு ஃபேன். ஆம்ஸ்டர்டாம் நகரத்துக் கால்பந்து அரங்கத்தில் 2018இல் 3 மெகாவாட் அளவுக்கு ஒரு சேமிப்பு அமைப்பு வைத்தார்கள். நிஸ்ஸான் லீஃப் காரின் பேட்டரிகள், புதியவையும் காரில் ஓடிக் களைத்தவையும் கலந்து. ஓடிக் களைத்ததை உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு மாற்றியிருக்கிறார்கள். நம் ஆபீசிலும் முட்டி போன டெஸ்பாட்ச் பியூனுக்கு ரிக்கார்டு ரூமில் ஸ்டூல் போட்டுக் கொடுப்போம்.

காரிலேயே பழைய செல் போட வேண்டுமானால், ஒரே வண்டியிலிருந்து வந்த பேட்டரியாக இருக்கட்டும். அடிபட்ட மின்சார காரிலிருந்தோ பேருந்திலிருந்தோ பிரிக்காத முழு மாட்யூலாக. எல்லாச் செல்லுக்கும் ஒரே வயது, ஒரே உழைப்பு. அந்த வண்டியின் பி.எம்.எஸ்.ஸில் எத்தனை முறை சார்ஜ் ஆனது, எவ்வளவு சூடானது என்பது பதிவாகியிருக்க வாய்ப்பு உண்டு. அதிலும் இரும்பு பாஸ்பேட் வகை, எல்.எஃப்.பி. என்கிறார்களே, அது வெப்பத்தைக் கூடுதலாகத் தாங்கும், சுலபத்தில் பற்றாது. ரேவாவுக்கு 100 ஏ.எச். செல் 16 போட்டால் 51 வோல்ட், 5 யூனிட். ஆயிரத்துச் சொச்சத்துக்குப் பதிலாகப் பதினாறே பேர். ஒவ்வொருவருக்கும் பி.எம்.எஸ்.ஸில் ஒரு கம்பி, யார் தூங்குகிறார் என்று உடனே தெரியும். ஒவ்வொரு செல்லும் நூறு ஆம்பியரை எளிதாகக் கொடுக்கும், நல்ல தயாரிப்பானால் கொஞ்ச நேரத்துக்கு அதன் இரு மடங்கையும் தாங்கும். கண்ட்ரோலரை அதற்கு ஏற்றபடி இறக்கி வைத்துக்கொண்டால் போதும்.

வாகனச் சட்டத்தையும் மறக்கக் கூடாது. ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கும் வண்டிக்கும் வித்தியாசம் வருகிற மாதிரி மாற்றம் செய்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு குறுக்கே வரும். இன்சூரன்ஸ்காரரிடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். வாய் வார்த்தை நஷ்டஈடு நேரத்தில் நிற்காது.

சார்ஜ் போடுவது எப்போதும் பகலில், ஆள் விழித்திருக்கும்போது, வாசல் மறிக்காத இடத்தில். பற்றிக்கொண்டால் மணலை அள்ளிப் போட்டுப் பார்ப்பது வேண்டாம். அந்த நெருப்பைக் குளிர வைக்க நிறையத் தண்ணீர் வேண்டும், அது தீயணைப்புக்காரர் வேலை. வீட்டிலிருப்பவர் வேலை, வெளியே வந்து 101க்குப் போன் செய்வது.

இப்போது என் கோரிக்கைக்கு வருகிறேன். ஐரோப்பிய யூனியன் 2023இல் போட்ட பேட்டரிச் சட்டத்தின்படி, 2027 பிப்ரவரி 18 முதல் அங்கே விற்கும் மின்சார வண்டி பேட்டரிகளுக்கு மின்னணு பாஸ்போர்ட் கட்டாயம். கியூ.ஆர். கோடை ஸ்கேன் செய்தால் விவரம் வரும். நான் கேட்கிற சர்வீஸ் புக் அதுதான். நம் நாட்டிலும் 2022 ஆகஸ்ட்டில் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் வந்தன. பழைய பேட்டரியைக் குப்பை மேட்டில் போடவோ எரிக்கவோ கூடாது, தயாரித்தவர்தான் அதைச் சேகரித்து மறுசுழற்சிக்கோ புதுப்பிக்கவோ அனுப்பப் பொறுப்பு என்கிறது. நல்ல விதி. ஆனால் பேட்டரியோடு அதன் பதிவும் கைமாற வேண்டும் என்று அழுத்திச் சொன்னால்தான் அது வில்லியனூர் வரை வந்து சேரும். கம்பெனிகள் அந்தப் பதிவைத் தங்கள் கடவுச்சொல்லுக்குள் பூட்டி வைத்துக்கொண்டு, வெளியில் செய்கிறவன் எல்லாம் ஆபத்தானவன் என்று சொல்வது எனக்கு ஒப்பவில்லை. ஆபத்தில் பாதி அந்தப் பூட்டினால் வருகிறது.

"எல்லாத்துக்கும் காகிதம் கேக்கற குமாஸ்தா புத்தி" என்று சிலர் சிரிக்கலாம். சிரியுங்கள். அந்தப் பட்டறை இளைஞரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "அந்த ரிக்கார்டு மட்டும் கெடச்சா பாதி டெஸ்டிங் மிச்சம் சார்" என்றார். காகிதம் இல்லாததால்தான் அவருக்கு 59 நாள் ஆகிறது.

தில்லியில் சட்டம் திருந்தும் வரை காத்திருக்க என் வயதுக்காரர்களுக்கு நேரம் இல்லை. நம் சின்ன ஊரில் சுலபமாகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அரசு ஐ.டி.ஐ.யிலும் பாலிடெக்னிக்கிலும் மின் பிரிவு இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள். அங்கே ஒரு சோதனை மேசை போடட்டும். யார் பழைய செல்லில் பேட்டரி செய்தாலும் அதைக் கொண்டுபோய்க் காட்டலாம். வரிசை வரிசையாக வோல்ட், ஏற்றி இறக்கிய அளவு, இழுப்பில் எவ்வளவு சூடாகிறது, ஃபியூஸ் கம்பி இருக்கிறதா, பெட்டி எப்படி என்று பார்த்து, தேதி போட்டு, முத்திரை வைத்து ஒரு தாள் கொடுக்கட்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை மறுபடி. பிள்ளைகளுக்குத் தொழில் பழக்கம், பட்டறைக்காரருக்கு ஒரு மரியாதை, வாங்குகிறவருக்குக் கையில் ஒரு தாள். இலவசமாக வேண்டாம். இரண்டாயிரமோ மூவாயிரமோ கட்டணம் வைத்து ரசீது கொடுக்கட்டும், கட்டத் தயாராக இருக்கிறவர்களை நானே அழைத்து வருகிறேன்.